விழாத மூன்று பேர்

அடுத்தவன் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுபவர்கள் உண்டு. அவன் வண்டியைப் பார்த்துப் பொறாமைப்படுபவர்கள் உண்டு. நான் ஒருவனுடைய கேள்விகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன். வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பெனி நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டிவிட்ட பிறகு மறைத்துப் பயனில்லை.

அப்போது எனக்கும் காஞ்சனாவுக்கும் கல்யாணமாகி ஆறு மாதம். இருவருக்கும் ஒரகடத்தில் ஒரே கார் கம்பெனி, ஒரே ஷிஃப்ட், வல்லக்கோட்டையிலிருந்து ஒரே பஸ். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இசக்கி நிற்பான். தென்காசிக்காரன், ஹாஸ்டல்வாசி. (சீட் காலியாக இருந்தாலும் நிற்பான். அதையும் கவனித்து வைத்திருந்தேன்.)

தினமும் ஒரு கேள்வி கேட்பான்.

"ரெஸ்ட் ரூம்னு பேரு வச்சிருக்காவ. உள்ள போயி அஞ்சு நிமிசம் ரெஸ்ட் எடுத்தா எதுக்கு ஆள் விட்டுத் தேடுதாவ?"

பஸ்ஸே சிரிக்கும். மறுநாள், "லீவு வேணும்னா முந்தின நாளே சொல்லணுங்காவ. காய்ச்சல் எங்கிட்ட முந்தின நாளே சொல்லுதா?" என்பான். அத்தனை சிரிப்பிலும் காஞ்சனாவின் சிரிப்பு எனக்குத் தனியாகத் தெரியும். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிப்பாள். ஆறு மாதத்தில் எனக்காக அந்தத் தோள் ஒருமுறைகூடக் குலுங்கியதில்லை. வயிறு எரிந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது நானும் முயன்று பார்த்தேன். "இட்லிக்கு ஏன் இட்லினு பேரு வெச்சாங்க?"

காஞ்சனா நிமிர்ந்தாள். "இன்னா, இன்னும் ரெண்டு வேணுமா?"

சரி, பெரிய சபையில் கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஷிஃப்ட் தொடங்கும் முன் எங்களை வரிசையாக நிறுத்தி மீட்டிங் நடத்துவார்கள். கடைசியில் சூப்பர்வைசர், "எனி கொஸ்டின்?" என்பார். யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்பதுதான் அதற்கு அர்த்தம். நான் கையைத் தூக்கினேன்.

"சார், தரை வழுக்கும்னு மஞ்சள் போர்டு வெச்சிருக்கீங்க. நேத்து மூணு பேரு அந்த போர்டு தடுக்கியே வுழுந்துட்டாங்க. இனிமே 'போர்டு கீது, உஷார்'னு பக்கத்துல இன்னொரு போர்டு வெப்பீங்களா?"

உண்மையில் யாரும் விழவில்லை. (ஒருவர் என்றால் சிரிப்பு வராது என்று மூன்றாக்கியிருந்தேன்.) மூன்றுக்கும் சிரிப்பு வரவில்லை. சூப்பர்வைசரின் முகம் வெளிறியது. சுவரில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை உண்டு. இன்னும் நான்கு நாளில் அது ஆயிரத்தைத் தொடும், தொட்டால் ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ் என்று அறிவித்திருந்தார்கள். யாராவது விழுந்திருந்தால் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து எண்ண வேண்டும். மொத்த ஷிஃப்டும் என்னை முறைத்தது. காஞ்சனாவும்தான்.

"எந்த மூணு பேரு? பேரு சொல்லு."

"யாரும் வுழல சார். சும்மா சொன்னேன்."

"ஏன் சொன்ன?"

ஹாட்பாக்ஸ் தப்பியது. நான் மாட்டினேன். எங்கள் கம்பெனியில் எது பிசகினாலும் வொய்-வொய் ஃபார்ம் நிரப்ப வேண்டும். ஒரு ஏன், அதற்குப் பதில், அந்தப் பதிலுக்கு ஒரு ஏன் என்று ஐந்து முறை கேட்டால் மூல காரணம் தானாக வந்துவிடுமாம். அதுவரை கழன்ற போல்ட்டுக்கும் கீறல் விழுந்த கதவுக்கும்தான் நிரப்பியிருந்தோம். அன்று எனக்கு நிரப்பினார்கள்.

"ஏன் பொய் சொன்ன?"

"சிரிக்க வெக்கலாம்னு சார்."

"ஏன் சிரிக்க வெக்கணும்?"

"இசக்கி சிரிக்க வெக்கிறானே சார்."

"அவன் வெச்சா வெக்கட்டும், உனக்கு ஏன்?"

"காஞ்சனா சிரிக்குது சார்."

சூப்பர்வைசர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "உன் வொய்ஃப் சிரிச்சா உனக்கு ஏன்பா எரியுது?"

"என்னால ஒரு தபா கூட சிரிச்சதில்ல சார்."

"ஏன்?"

"அது தெரியல சார்."

அவர் கடமை தவறாதவர். மூல காரணம்: பொறாமை. திருத்த நடவடிக்கை: மனைவி சிரிக்க வேண்டும். பொறுப்பு: காஞ்சனா, லைன் இரண்டு. எழுதி, கையெழுத்துப் போட்டு, விதிப்படி கேன்டீன் வாசல் போர்டில் ஒட்டினார்.

டீ பிரேக்கில் காஞ்சனா அதன் முன்னால் போய் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தாள். முதல் வரிக்கு மறுபடி போனாள். எனக்கு அப்படியே வாலாஜாபாத் பக்கம் ஓடிவிடலாமா என்று இருந்தது. அப்போது அவள் தோள் குலுங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தாள், சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பின்னால் இசக்கி நிற்கிறானா என்று பார்த்தேன். யாருமில்லை.

இப்போது எங்கள் மகளுக்கு ஆறு வயது. காஞ்சனா போனில் யாருடனாவது சிரித்துப் பேசினால் என் முகம் இன்றும் கறுத்துவிடும். உடனே மகள் கேட்பாள், "அம்மா, அப்பாவுக்கு எத்தினியாவது ஏன்?"

"மூணாவது ஓடிகினு கீது," என்பாள் காஞ்சனா. "அஞ்சு வரட்டும், போனை வெக்கிறேன்."