நம் காருக்குள் இருப்பது என்ன எஞ்சின், மச்சான்?

செம்மநத்தம்,
9-11-1983,
புதன்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மச்சான் பெரியண்ணன் அவர்களுக்கு, தங்கள் தங்கை கண்ணம்மாளின் கணவன், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அங்கப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். தங்கள் தங்கை நலம். மாடு இரண்டும் நலம். போன சித்திரையில் தங்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து தாங்கள் எனக்கு விற்ற அம்பாசிடர் கார் மட்டும் நலமாக இல்லை. சேலத்தில் தங்கள் நலத்தையும், அந்தக் காருக்குள் தாங்கள் வைத்திருப்பது என்ன எஞ்சின் என்பதையும் அறிய மிக்க ஆவல்.

முதலில் நல்ல சேதி. செம்மநத்தத்திலிருந்து மேலே நம் மேலூருக்கு ரோடு முடிந்துவிட்டது! ஆமாம் மச்சான், முடிந்தே விட்டது. கடைசியாக வழிமறித்துக்கொண்டிருந்த பாறையையும் ஞாயிற்றுக்கிழமை உடைத்து உருட்டிவிட்டார்கள். மூன்று வருஷம், வீட்டுக்கு ஒரு ஆள், வாரத்துக்கு ஒரு நாள் வேலை. தாங்கள் பிறந்த ஊரிலிருந்து இனிமேல் காப்பி மூட்டை தலையில் இறங்காது, நோயாளி தூளியில் இறங்க மாட்டார். வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து ரிப்பன் வெட்டப்போகிறார். இந்த ஜீப் என்ற சொல் காதில் விழுந்ததுமே நம் ஊர்க்கவுண்டர் முனியப்பன் மேலூரிலிருந்து விறுவிறுவென்று இறங்கி என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க ரைட்டரு, வெட்டுனது நாம, மண்ணு சொமந்தது நாம. மொதத் தடம் அந்த ஜீப்போடதா உழோணும்? நம்ம ஊட்டு வண்டிதானுங்க மொதல்ல ஏறோணும். நம்ம சனத்துல காரு வெச்சிருக்கறது நீங்க ஒருத்தருதான்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "வியாழக்கெழம சாயங்காலமே ஏத்திப்புடறேனுங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த வாக்கின் சூடு ஆறுவதற்குள், ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று காரை எடுத்து ஏற்காட்டு ரோட்டில் இரண்டு வளைவு ஏறினேன். மூன்றாவது வளைவில் முன்பக்கம் பட்டென்று ஒரு சத்தம். பானட்டைத் திறந்தால் இட்லிப் பானையைத் திறந்தது போல ஆவி. ஃபேன் பெல்ட் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீசிவிட்டேன். அதன் மேல் நம்பர் போட்டிருக்கும், அந்த நம்பரைச் சொன்னால்தான் கடைக்காரன் சரியானதைக் கொடுப்பான் என்பது பெல்ட் பள்ளத்தில் மறைந்த பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. காரை உருட்டிக்கொண்டு வந்து வீட்டெதிரே சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தினேன்.

நம் மலைக்கு மருந்தானாலும் மூக்குக் கண்ணாடியானாலும் சேலம் பஸ் கண்டக்டர் வேடியப்பன் கையால்தான் வரும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. திங்கட்கிழமை காலை அவரிடம், "அம்பாசிடர் ஃபேன் பெல்ட் ஒண்ணு" என்றேன். மத்தியானமே கொண்டுவந்தார். ஆசையாக மாட்டப் போனால் பெல்ட் ஏறவே இல்லை. ஸ்பேனரால் நெம்பினேன், விளக்கெண்ணெய் தடவினேன், காலால் பம்பரை உதைத்துக்கொண்டு இழுத்தேன். பெல்ட் என் கையிலிருந்து நழுவி, தங்கள் தங்கை வாசலில் ஆறவைத்திருந்த ரசச் சட்டியில் போய் விழுந்தது. அப்புறம்தான் ஏற்காட்டிலிருந்து மெக்கானிக் கருப்பண்ணனை வரவழைத்தேன். அவர் பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"ஏனுங்க, வெளியதான் இது அம்பாசிடருங்க. உள்ள இருக்கறது ஏதோ வேனோட டீசல் எஞ்சினு" என்றார்.

"அப்ப வேன் பெல்ட்டே வாங்கியாரச் சொல்லட்டுங்களா?"

"சொல்லிப் பாருங்க. ஆனா டைனமோ டிராக்டரோடது மாதிரி தெரியுது. ஃபேனு யாரோடதுன்னே தெரியலீங்க. இது எஞ்சினில்லீங்க, கூட்டுக் குடும்பமுங்க" என்றார்.

மச்சான், நான் உடனே தங்கள் மேல் கோபப்பட்டிருப்பேன். ஆனால் தங்கள் தங்கை குறுக்கே புகுந்து, "எங்கண்ணன் காருன்னு சொல்லித்தான் குடுத்துச்சு. எஞ்சினப் பத்தி நீங்க ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். உண்மைதான், நான் கேட்கவில்லை. பெயிண்டைப் பார்த்தேன், ஆரனை அடித்துப் பார்த்தேன், வாங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வேன் பெல்ட் வந்தது. அது மாப்பிள்ளை கழுத்து மாலை மாதிரி தொங்கியது. கருப்பண்ணன் ஒரே தீர்ப்பாகச் சொன்னார்: "கார் பேரு சொல்லாதீங்க, எஞ்சின் பேரும் சொல்லாதீங்க. டைனமோவ நடுவாந்தரமா நிறுத்தி, பெல்ட்டு ஓடற புல்லிங்களச் சுத்திக் கயிறு போட்டு அளந்து, அந்த நீளத்துக்கு வாங்கியாரச் சொல்லுங்க." இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது எதற்கு மூன்று நாள் அலைந்தோம் என்று நான் துள்ளிக் குதித்தேன். கையில் கயிறு இல்லை. வாசலில் தங்கள் தங்கை துணி காயப்போடும் கொடிக்கயிறு கட்டியிருந்தது. அன்றைக்கென்று எதிரே நிற்கும் ஆள் முகம் தெரியாத அளவுக்கு மஞ்சு. கயிறு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நான் அதையா பார்த்தேன்? வெட்டினேன், சுற்றினேன், இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டேன், மத்தியானப் பஸ்ஸில் வேடியப்பனிடம் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் பெல்ட் வந்தது. இரண்டு விரல் கூடுதல்! திரும்பி வந்த கயிற்றை எஞ்சினில் சுற்றிப் பார்த்தேன். அதுவும் இரண்டு விரல் கூடுதல்! நான் அளந்த கயிறு, நான் போட்ட முடிச்சு, நீளம் மட்டும் என்னுடையது அல்ல. "என் கயிற மாத்திப்புட்டீரு!" என்று பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்றேன். பயணிகள் அத்தனை பேரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். வேடியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சாமி சத்தியமா மாத்தலீங்க. தண்ணி சொட்டுச்சுன்னு டிரைவர் பக்கத்துல சூடான பானட்டு மேல காயப்போட்டேன், அவ்வளவுதானுங்க" என்றார்.

அப்போதுதான் தங்கள் தங்கை சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மஞ்சு எறங்குனா கொடிக்கயிறு முறுக்கிக் குறுகிக்கும், வெய்யிலடிச்சாத் தொவண்டு நீண்டு போயிரும். இருவது வருசமா நாந்தான எறக்கி ஏத்திக் கட்டறேன், என்னயக் கேட்டீங்களா?" என்றாள். எஞ்சினைப் பற்றித் தங்களைக் கேட்கவில்லை, கயிற்றைப் பற்றி அவளைக் கேட்கவில்லை. கேட்காததுதான் என் குற்றம் மச்சான். வேடியப்பனிடம் ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆகவே இன்று காலை மறுபடி அளந்துவிட்டேன், இந்த முறை செம்புக் கம்பியால். கம்பி மஞ்சிலும் ஒன்றுதான், வெயிலிலும் ஒன்றுதான். பெல்ட் உட்காரும் பள்ளத்தின் அகலத்துக்குப் புல்லியில் துணி சோப்பை அழுத்தி அச்சு எடுத்திருக்கிறேன். இரண்டும் இந்தக் கவரில் இருக்கின்றன. சோப்பைத் தங்கள் வீட்டு அக்கா தெரியாமல் எடுத்துத் துவைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும். தாங்களே நேரில் கடைக்குப் போய், வியாழக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் பெல்ட் கட்டாயம் வந்து சேரும்படி செய்ய வேண்டும். அந்த ஜீப் முந்திக்கொண்டால் நான் மேலூரில் தலைகாட்ட முடியாது. அது தங்களுக்கும் சொந்த ஊர். இதற்கு மேல் நான் என்ன எழுத? கூடவே, அது என்ன எஞ்சின் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் உண்மையை எழுதி அனுப்பவும். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. சேர்வராயன் சாமி தங்கள் ஒர்க்‌ஷாப்பையும் குடும்பத்தையும் குறைவில்லாமல் காக்கட்டும். அப்படியே அந்த எஞ்சினையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
அங்கப்பன்.

பின்குறிப்பு: மச்சான்! ஒட்டிய கவரைப் பிரித்து அவசரமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளவும். மேலே உள்ளதை எழுதி ஒட்டிக் காலைப் பஸ்ஸுக்குக் கொடுக்க வெளியே வந்தேன். மரத்தடியில் காரைக் காணோம்! திருட்டுப் போய்விட்டதென்று அலறிக்கொண்டு டயர் தடத்தின் பின்னாலேயே ஓடினேன். தடம் நேரே புது ரோட்டில் ஏறியது. முதல் வளைவில் நாற்பது பேர். முன்னால் வடக் கயிறு கட்டி இழுக்கிறார்கள், பின்னால் ஊர்க்கவுண்டர் வீட்டம்மாள் அத்தாயி தலைமையில் பெண்கள் தள்ளுகிறார்கள். "பெல்ட்டு பெல்ட்டுன்னு நீங்க மூணு நாளாத் தவியாத் தவிக்கறீங்க. பாக்கச் சகிக்கல, அதான் கெளப்பிட்டோம். ஏறி ஸ்டேரிங்கப் புடிங்க ரைட்டரு" என்றார் முனியப்பன். ஏறினேன். என் பின்னாலேயே ஓடிவந்த தங்கள் தங்கையும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். எஞ்சினுக்கு வேலையே இல்லை, ஆரன் மட்டும் நன்றாக வேலை செய்தது. மேலூர் வரைக்கும் அதிலிருந்து கையை எடுக்கவில்லை. நம் ரோட்டில் முதல் தடம் நம் காருடையது. நான் அழுதேன் மச்சான், வெட்கமில்லாமல் அழுதேன்.

இப்போது கார் ஊருக்கு ஒரு பர்லாங்கு முன்னால், ரோடு குறுகும் இடத்தில், சரியாக நடுவில் நிற்கிறது. ஓர் ஆடு போகலாம், ஜீப் போகாது. "ஓரமாத் தள்ளீரலாங்களா?" என்று கேட்டேன். முனியப்பன் சாவியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "பெல்ட்டு இல்லாத வண்டிய எப்படிங்க நகத்தறது? மூணு வருசம் நாம நடந்தோம், அவரு ஒரு பர்லாங்கு நடந்து வந்து பாக்கட்டும்" என்கிறார். ஊரே தலையாட்டுகிறது. எனவே மேலே கேட்டதையெல்லாம் மறந்துவிடவும். இதை மத்தியானப் பஸ்ஸில் அனுப்புகிறேன். தங்களுக்குக் கோடிப் புண்ணியமாகப் போகும், வெள்ளிக்கிழமை ரிப்பன் வெட்டி முடியும் வரைக்கும் எந்தக் காரணத்தைக் கொண்டும் அந்தப் பெல்ட்டை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.