மாப்பிள்ளையின் லென்ஸுக்கு மாமனார் போட்ட கண்ணாடி

அன்பு மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், தங்கள் அத்தை நலம், தங்கள் லென்ஸும் நலம். கடைசி நலத்தை முதலில் எழுதியிருக்க வேண்டும், அதுவரை பதறியிருப்பீர்கள்.

பயணத்தில் அடிபடும் என்று கேமராவை எங்களிடம் விட்டுப் போகும்போது, "மாமா, இது இருட்டுலயும் படம் எடுக்கும். இந்த லென்ஸுக்கு முன்னால ஃபில்டர்னு இன்னொரு கண்ணாடிய மட்டும் மாட்டிடாதீங்க, படம் கெட்டுடும்" என்றீர்கள். மறக்கவில்லை. ஆனால் நம் வீட்டில் ரிமோட்டுக்கு உறை, சோபாவுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் மேலே ஒரு துண்டு. இப்படிப்பட்ட வீட்டில் அவ்வளவு பெரிய கண்ணாடி வெறும் முகத்தோடு உட்கார்ந்திருந்தால் மனசு கேட்குமா? கடைக்குப் போய் ஒரு ஃபில்டர் வாங்கித் திருகிவிட்டேன்.

எதிர்வீட்டு நர்ஸம்மா, அத்தைக்கு ஆபரேஷன் ஆனபோது கூடவே இருந்தாரே, அவருக்கு ஆஸ்பத்திரி கேன்டீனில் பணி ஓய்வு விழா. படம் எடுக்க வேண்டியவர் வராததால் என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். இடமெங்கும் விளக்குச் சரம். எடுத்துப் பார்த்தால் மேலே எரியும் விளக்கெல்லாம் கீழேயும் தலைகீழாக எரிகிறது, நர்ஸம்மா மூக்கில் ஒரு நட்சத்திரம், எலும்பு டாக்டர் நெற்றியில் பச்சையாக ஒரு பொட்டு. அவர் எட்டிப் பார்த்து, "எனக்கு அங்க ஏதாவது கட்டியா சார்?" என்று தடவிப் பார்க்கிறார். அத்தை என் காதருகே வந்து, "மாப்பிள்ளை படிச்சுப் படிச்சு சொன்னாரே, கழட்டித் தொலைங்க!" என்றாள். கழற்றினால்தானே! உடும்புப் பிடி. கைக்குட்டையால் திருகினேன், கேமராதான் சுற்றியது. கடைசியில் எலும்பு டாக்டரே ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, "வலிச்சா சொல்லுங்க" என்று, லென்ஸிடமா என்னிடமா தெரியவில்லை, ஒரே திருகு. வந்துவிட்டது.

அதற்குள் பேச்செல்லாம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. நர்ஸம்மா ஜன்னலோரம் தனியாக நின்று, சட்டையிலிருந்து கழற்றிய பெயர் அட்டையைப் பையில் போட மனசில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை போய், "இனிமேயாவது ராத்திரில நிம்மதியா தூங்குங்க" என்றாள். "பழக்கமே இல்லையேம்மா, தூக்கம் வருமான்னு தெரியல" என்று அவர் சிரித்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. கேமரா பொத்தானை அழுத்தினேன். மாப்பிள்ளை, என்ன சொல்ல! விளக்கெல்லாம் பின்னால் மணிமணியாகக் கரைந்து, முகம் மட்டும் அப்படியே நிற்கிறது. பொட்டும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பார்த்துவிட்டு, "நானா இது?" என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆகவே தாங்கள் சொன்னதே சரி. நல்ல லென்ஸுக்கு முன்னால் கண்ணாடி கூடவே கூடாது. இனி ஃபில்டர் என்று யாராவது வாயைத் திறந்தால் நானே சண்டைக்குப் போவேன்.

வேளைக்குச் சாப்பிடவும். இருவரும் எல்லா நலமும் பெற்றுச் சண்டையில்லாமல் வாழ ஆசிகள்.

தங்கள் மாமனார்

பி.கு.: இந்தக் கடித உறையை ஒட்டுமுன் லென்ஸைத் துடைத்தேன். மெல்லிசாக ஒரு வளையம் சுற்றிக்கொண்டு கையோடு வந்தது. அதிலும் கண்ணாடி! பதறிப்போய்ப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "அப்பா, அது வாங்கின அன்னைக்கே நான் மாட்டினது. அவ்ளோ விலை கொடுத்துட்டு வெறுமனே விடுவாங்களா? இத்தனை நாளா அவர் எடுத்த படமெல்லாம் அதோடதான். அவருக்குத் தெரியாது, மூச்சு விட்டுடாதீங்க" என்றாள். திரும்ப மாட்டிவிட்டேன். மூச்சுவிட மாட்டேன் என்று சத்தியமும் செய்திருக்கிறேன். எனவே இந்தப் பின்குறிப்பை மட்டும் தாங்கள் படிக்க வேண்டாம்.