தண்ணீரைச் சுற்றி மூன்று மஞ்சள் கோடுகள்

தம்போய் வட்டாரத்தில் அசையாமல் கிடக்கும் எதையும் அவன் சும்மா விட்டதில்லை; சுற்றிக் கோடு போட்டுவிடுவான். வண்டி நிறுத்தும் இடங்களுக்குக் கோடு போடுவதுதான் அவன் தொழில். ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த நாயைச் சுற்றியும் போட்டான். நாய் எழுந்து போன பிறகும் அங்கே யாரும் வண்டி நிறுத்தவில்லை. சொந்தப் பெயர் என்னவோ, எங்களுக்கு அவன் 'கோடு'.

நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன். எழுபது வயதில் ஒரு பாலர் பள்ளிக்கு ஜாகா வேலைக்கு, அதான் காவலுக்கு, வந்தேன். கேட்டைத் திறப்பேன், மூடுவேன்; நடுவில் தேத்தண்ணி. தேத்தண்ணி என்றால் நான் முன்பு இருந்த சாஆ தோட்டத்துக் கடையில் குடித்ததுதான் தேத்தண்ணி, அது கிடக்கட்டும். காலையில் பிள்ளைகள் வரிசையாக "வணக்கம் ஜாகா தாத்தா" என்பார்கள். அதற்காகத்தான் நான் வேலைக்கே போனேன்.

முற்றத்துப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிற்கும். பிள்ளைகள் அதில் காகிதக் கப்பல் விடுவார்கள். வீட்டுக்குப் போகிற நேரத்துக்குள் தண்ணீர் வற்றிவிடும். ஒருநாள் யாழினி என்ற ஐந்து வயதுக்காரி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "ஜாகா தாத்தாதான் கூட்டித் தள்ளிட்டாரு!"

மறுநாள் ஒரு பிள்ளையும் வணக்கம் சொல்லவில்லை. எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை.

அன்று கோடு எங்கள் முற்றத்துக்கு வேலைக்கு வந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் பிள்ளைகளைக் கூப்பிட்டு நிறுத்தினான்.

"அண்ணே, நீங்க அந்தத் தூண்கிட்ட உக்காருங்க. எந்திரிக்கவே கூடாது."

முந்தின இரவு மழையில் பள்ளத்தில் நின்ற தண்ணீரின் ஓரத்தைச் சுற்றி மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டான். அதற்கு வெளியே ஆரஞ்சு கோன்களை அடுக்கினான். நாய் குடித்தது என்று யாரும் பிறகு சொல்லக் கூடாதாம். வந்த வண்டியெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்றது.

தலைமையாசிரியை ஓடி வந்தார். "அலமாக்! என்னப்பா இது?"

"சாட்சி, டீச்சர்."

மணிக்கொரு தரம் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். தண்ணீர் சுருங்கச் சுருங்க இரண்டாவது கோடு, மூன்றாவது கோடு. நான் தூணோடு தூணாக இருந்தேன்; ஒன்றுக்குக்கூடப் போகவில்லை.

கடைசியில் ஈரம் மட்டும் மிச்சம். யாழினி விடவில்லை. "அப்ப தண்ணி எங்க போச்சு அங்கிள்?"

"மேலம்மா. கண்ணுக்கே தெரியாத பொடிப்பொடியா ஆயி, வெயில் பட்டதும் ஒன்னொன்னா கெளம்பிக் காத்தோட போயிடும். பெல் அடிச்சா நீங்களும் ஒவ்வொருத்தரா வீட்டுக்குப் போறீங்கல்ல? முத்தம் காலியாயிடுது. தாத்தாவா ஒங்களக் கூட்டித் தள்ளுனாரு?"

அவள் யோசித்தாள். "நாங்க நாளைக்குத் திரும்பி வருவோமே."

"அதுவும் வரும் லா. மழையா."

மறுநாள் காலை முதல் வணக்கம் யாழினியுடையதுதான்.

கோடு பிறகு சிங்கப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். மஞ்சள் வளையங்களை மறைக்கச் சொல்லித் தலைமையாசிரியை ஒரு டின் சாம்பல் பெயிண்ட் வாங்கி என்னிடம் கொடுத்தார். "எப்பங்க ஐயா அடிப்பீங்க?" என்று கேட்கும்போதெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "மழை வரும் போல இருக்கு டீச்சர், இன்னிக்கு ஒட்டாது" என்பேன்.

நாலு வருடமாக மழை வரும் போலத்தான் இருக்கிறது.