குளிர வேண்டியது எது என்று மாப்பிள்ளைக்கு எழுதியது

அகராதி அலுவலகத்தில் சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் என் அன்பு மாப்பிள்ளைக்கு, உன் அத்தான் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நான் நலம். உன் அக்காவும் நலம்தான், ஆனால் இந்த வாரம் அதை அவளிடமே நேரில் கேட்டுவிடாதே. உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி, ஒரு சொல்லைப் பற்றிய சந்தேகத்துக்கு வருகிறேன்.

ஏர்கண்டிஷன் என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு உன் அகராதி தரும் பொருள்: 'அறைக்குள் இருக்கும் காற்றைக் குளிர்வித்து, ஈரத்தைக் குறைத்து, இதமாக வைத்திரு.' அழகான வரி, குறையே சொல்ல மாட்டேன். ஆனால் உதாரணம் காட்டாமல் ஒரு சொல்லை நான் விட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். 'துவை' என்றால் என் சட்டைக் காலரைக் காட்டுவேன், 'அள' என்றால் மேசையை அளந்து காட்டுவேன். இந்தச் சொல்லுக்கு உதாரணமாக எங்கள் முன்னறையே வாய்த்திருக்கிறது. அதுவோ சொல்லுக்கு அடங்க மாட்டேன் என்கிறது.

உன் அக்காவின் தையல் வகுப்புதான் அங்கே நடக்கிறது: ஆறு தையல் மெஷின், துணி வெட்டும் மேசை, மூலையில் தலையில்லாத பொம்மை ஒன்று. போன மாதம் அடுத்த தெருவில் இன்னொரு தையல் வகுப்பைத் திறந்தார்கள், முழுக்க ஏசி. நம் மாணவிகளில் மூன்று பேர், பட்டன் வைப்பதைத் தவிர வேறெதையும் கற்க மறுத்ததால் 'பட்டன்' என்றே பெயர் வாங்கிய பெண்ணின் தலைமையில் வந்து நின்று, "தப்பா நினைக்காதீங்கக்கா, அங்க வேர்வை துணியில சொட்டாதாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மீதி மூன்று பேரும் நழுவினால் வகுப்பை மூடிவிடுவேன் என்கிறாள் உன் அக்கா. அதைச் சொன்னபோது அவள் கையில் பெரிய கத்தரிக்கோல் இருந்தது, ஆனால் வெட்டுவதற்குத் துணி எதுவும் இல்லை. அந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான் ஏசி வாங்க ஓடினேன்.

மாட்டிவிட்டுப் போன மெக்கானிக், "கதவ மட்டும் சாத்தியே வெச்சிருங்க சார்" என்றார். வம்பு அங்கேதான் தொடங்கியது. எங்கள் தெருவில் பகலில் யாரும் வாசல் கதவைச் சாத்துவதில்லை. சாத்தியிருந்தால் உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை, இல்லையென்றால் புருஷன் பெண்டாட்டி சண்டை. முதலில் மாடி வீட்டு நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "என்னக்கா, சாருக்கு முடியலையா?" "அவருக்கென்ன, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு. கதவ மூடும்மா, குளிர் போயிடும்." "குளிருதா? அப்ப காய்ச்சலேதான்" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கதவு அவர் பின்னால் ஆவென்று திறந்திருந்தது. அவரை அனுப்பிவிட்டு உட்காருவதற்குள் எதிர்வீட்டு பஸ் டிரைவர், சமாதானம் பேச வந்தவர், கதவு மூடிவிடாமல் காலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "நீங்க படிச்சவரு, நீங்கதான் சார் விட்டுக்குடுக்கணும்" என்றார். "நான் ஒண்ணுமே பேசலையே!" என்றேன். "அதான் பிரச்சனையே. பொம்பளைங்களுக்கு அதுதான் ஆகவே ஆகாது." அவரைத் தேடி அவர் மனைவி வந்தார். தொல்லை தீரட்டும் என்று, 'உள்ளே அனைவரும் நலம்' என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். அவ்வளவுதான், தெருவே திரண்டுவிட்டது. "யாரும் கேக்காமலே நலம்னு போட்டிருக்கீங்களே, எதை மறைக்கிறீங்க?"

எனக்கோ இதில் வேறொரு ஆர்வம் பிறந்துவிட்டது. பொம்மையின் கழுத்தில் ஒரு வெப்பமானியைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஏசிக்கு நேரே நிற்கும் பொம்மை மட்டும் குளுகுளுவென்று இருக்கிறது, வேர்வை வரும் எல்லோருக்கும் வேர்வை வருகிறது. இப்போது சொல், நாங்கள் இந்த அறையை ஏர்கண்டிஷன் செய்திருக்கிறோமா, இல்லையா? அடுப்பு எரிந்தால் மட்டும் சமைத்ததாகிவிடுமா, சோறு வேக வேண்டாமா? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. வாசல் பலகையில் 'குளிரூட்டப்பட்ட தையல் வகுப்பு' என்று எழுத உன் அக்கா பெயிண்டரை வரச் சொல்லியிருக்கிறாள். போன மூன்று பேரும் அதைப் படித்துத் திரும்புவார்கள் என்பது அவள் கணக்கு. நம்பி வந்து வேர்த்தார்கள் என்றால் அவள் பேச்சை இனி யார் மதிப்பார்கள்? ஆகவே உன் பதில் வந்த பிறகுதான் எழுத விடுவேன். அடுத்த பதிப்பில் 'கதவைச் சாத்தி' என்ற இரண்டு சொற்களையும் அந்த வரியில் சேர்த்துவிடு, என்னைப் போன்றவர்கள் பிழைத்துப் போவோம்.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், நன்றாகத் தூங்கவும் செய்யட்டும். உன் மேசையில் அச்சுப்பிழைகள் குறைந்து, உன் தலையில் மிச்சமிருக்கும் முடி நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் உன் அக்கா இதை வாங்கிப் படித்தாள். "இதுக்குப் போய் என் தம்பிய ஏன் இழுக்கிறீங்க?" என்று எழுந்து போய்க் கதவை விரியத் திறந்து, மூடாதபடி ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். ஏசியை நிறுத்தவில்லை. "எட்டிப் பாக்க வர்றவங்க சும்மா எதுக்கு நிக்கணும்? உக்காந்து ரெண்டு தையல் போடட்டும்" என்றாள். காலி மெஷின் ஒன்றில் நர்ஸ் உட்கார்ந்தார், இன்னொன்றில் டிரைவரின் மனைவி. மூன்றாவதில் டிரைவரே. மிதிக்கிற வேலை அவருக்குப் பழக்கம்தானே, "இதுல பிரேக் எங்கக்கா?" என்று மட்டும் கேட்டார். மூவரும் வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள். அறை முன்னைவிட வேகிறது, ஒருவரும் எழுந்து போகவில்லை. பலகையில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. எழுத வந்த பெயிண்டர் கையில் ஊசியோடு ஒரு சட்டையின் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறார். அகராதியில் எதையும் மாற்ற வேண்டாம், மாப்பிள்ளை. உதாரணத்துக்கு மட்டும் வேறு வீடு பார்த்துக்கொள்.