என் பொறுப்பில் ஒரு சாம்பிராணி

அன்று நான் ஒரு முடிவெடுத்தேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் நானாக எடுத்த முதல் முடிவு. இந்த மரத்தை நான்தான் வளர்ப்பேன். வேறு யாரும் விரல்கூட வைக்கக் கூடாது.

மரம் என்றதும் அண்ணாந்து பார்க்க வேண்டாம். என் முழங்காலைவிடக் கொஞ்சம் உயரம். மண்சட்டியில் நின்றது. அடிப்பக்கம் மட்டும் சாப்பிட்டு முடித்த ஆள் மாதிரி பருத்திருக்கும். உச்சியில் சுருள் சுருளாக இலைகள்.

எங்கள் மேனேஜருடைய மரம். நான் இருப்பது லிப்ட் கம்பெனி. பதினெட்டு வருஷமாக ஊரையே மேலே தூக்கிவிட்டிருக்கிறேன். நான் மட்டும் தரைத்தளத்தில் நிற்கிறேன். சீனியர் மெக்கானிக். அதாவது, ஜூனியர்களெல்லாம் ஏறிப்போவதைக் கீழே நின்று பார்ப்பவன். இப்போது சூப்பர்வைசர் இடம் காலி. அந்த நேரம் பார்த்து மேனேஜர் நாலு மாசம் வெளியூர்க் கிளைக்குப் போகிறார். போகும்முன் மரத்தைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் போட்டுக் கூட்டிவந்தார்.

"பரங்கிச் சாம்பிராணி மரம். ஆப்பிரிக்காவில பாறை இடுக்குல வளரும். நான் அங்க வேலை பார்த்தப்போ விதை கொண்டுவந்தேன். நாற்பது போட்டதுல முளைச்சது இது ஒண்ணுதான். ஆறு வருஷம் ஆச்சு. பட்டையில கீறினா பால் வடியும். அது இறுகினா சாம்பிராணி."

அதன்பிறகு மரத்தை எப்படி வளர்ப்பது என்று அரைமணி நேரம் சொன்னார். நானும் அரைமணி நேரம் தலையாட்டினேன். ஆனால் என் காதில் விழுந்தது, காரில் ஏறும்போது கடைசியாக அவர் சொன்னது மட்டும்தான்.

"திரும்பி வந்ததும் அந்த சூப்பர்வைசர் விஷயம் பேசிடுவோம்."

உள்ளே தூக்கிக்கொண்டு வந்தேன். மனைவி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பிரசவ ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். ஊரில் பாதிப் பேர் அவள் அதட்டியதால்தான் அழுதுகொண்டே பிறந்தார்கள்.

"என்னங்க இது?"

"சாம்பிராணி."

"ஒண்ணுதான் இருக்குன்னு நினைச்சேன்."

"மேனேஜர் நம்பிக் கொடுத்திருக்கார். நாலு மாசம் என் பொறுப்பு."

"நான் பார்த்துக்கட்டுமா?"

"வேண்டாம். நீ தொடவே கூடாது."

"சரி," என்றாள். இருபது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். அவள் மறுபேச்சில்லாமல் 'சரி' என்றால், உடனே காலில் விழுந்துவிடுவது நல்லது. நான் விழவில்லை.

முதல் வாரம் மரத்தின் பட்டை உரிந்தது. மெல்லிய காகிதம் போலச் சுருண்டு, காற்றில் படபடத்தது. மேனேஜர் கொடுத்த மரத்துக்குத் தோல் வியாதி! கோந்து வாங்கிவந்து, உரிந்த இடத்தையெல்லாம் ஒட்டினேன். ஒட்டியது. மரத்தில் பாதி, என் விரலில் பாதி.

எதிர்வீட்டு டைலர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தூபம் போடுவதில் கெட்டிக்காரர்.

"சார், அதுக்குத் தாகம் சார். பாலைவனத்து மரம். பரம்பரை பரம்பரையா தண்ணியே பார்த்ததில்ல. பாவம், ஏங்கிப் போயிருக்கு."

"எவ்வளவு ஊத்தணும்?"

"மனுஷனுக்கு மூணு வேளைன்னா, மரத்துக்கு நாலு."

ஐந்து வேளை ஊற்றினேன். சூப்பர்வைசர் ஆகப்போகிறவன் கஞ்சத்தனம் பண்ணலாமா?

மூன்றாம் வாரம் இலை பழுத்தது. பிறகு விழுந்தது. ஒன்று, மூன்று, ஏழு. நான் எண்ண ஆரம்பித்தேன். காலையில் முப்பத்திரண்டு. வேலையிலிருந்து வந்து பார்த்தால் இருபத்தாறு. லிப்ட்டில் கீழே இறங்கும்போது எண்கள் குறையுமே, அப்படிக் குறைந்தது. வேலையிலும் கவனம் இல்லை. ஒரு கட்டடத்தில் நாலாம் மாடிப் பொத்தானில் ஏழு என்று மாட்டிவிட்டேன். ஒரு பல் டாக்டரைத் தேடிப் போனவர் வக்கீலிடம் வாயைத் திறந்து காட்டினாராம். மரத்துக்கு வேர் பிடித்ததோ இல்லையோ, எனக்கு வேர்த்துக் கொட்டியது.

விழுந்த இலைகளை மனைவி பார்த்துவிடக் கூடாதே! டிபன் பாக்ஸில் போட்டு, கம்பெனிக்கு எடுத்துப்போய்க் கொட்டினேன். ஒருநாள் மறந்துவிட்டேன்.

"ஏங்க, டிபன் பாக்ஸ்ல என்ன இலை?"

"அது... லிப்ட்ல இருந்தது."

"லிப்ட்டுக்குள்ள மரமா?"

"காத்துல பறந்து வந்திருக்கும்."

"மூடி போட்ட டப்பாவுக்குள்ளயா?"

"பலமான காத்து."

"ஓ," என்றாள். டப்பாவைக் கழுவப் போனாள். 'ஓ' என்பது 'சரி'யைவிட ஆபத்தானது.

அடுத்து, வாளி இடித்த இடத்தில் வெள்ளையாக ஒரு சொட்டு வடிந்து நின்றது. சீழ் என்று முடிவு கட்டினேன். பீரோவில் அவள் வைத்திருந்த பஞ்சை எடுத்து, மருந்து நனைத்து, மரத்துக்குக் கட்டுப் போட்டேன். சாம்பிராணி மரத்தில் சாம்பிராணி வந்ததற்குக் கட்டுப் போட்டவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். அது அப்போது தெரியவில்லை.

அன்று மாலை மேனேஜர் போன் பண்ணினார்.

"என்ன, இலையெல்லாம் கொட்டிடுச்சா?"

என் நெஞ்சுக்குள் யாரோ லிப்ட் கயிற்றை அறுத்துவிட்டார்கள். யார் சொல்லியிருப்பார்கள்? டைலரா?

"ஐயையோ, இல்ல சார்! ஒண்ணுகூடக் கொட்டல. பச்சைப் பசேல்னு இருக்கு."

"அப்படியா? ஆச்சரியமா இருக்கே!"

"என் கை அப்படி, சார்."

போனை வைத்துவிட்டு மரத்தைப் பார்த்தேன். பச்சை என்று இருந்தது நான் சொன்ன பொய்யில் மட்டும்தான். மறுநாள் கடைசி இலையும் விழுந்தது. சட்டியில் கட்டுப்போட்ட ஒரு குச்சி நின்றது. சூப்பர்வைசர் நாற்காலி எரிகிற வாசனை எனக்கு அடித்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு யோசனை வந்தது. மரம் செத்துவிட்டது. செத்தது என் கையில் என்று ஏன் இருக்க வேண்டும்? மனைவி கையில் கொடுத்துவிட்டால்? 'என்ன சார் பண்றது, அவகிட்ட விட்டேன், போயிடுச்சு' என்று ஒரு பெருமூச்சு. மேனேஜருக்கும் மனைவி உண்டு. புரிந்துகொள்வார்.

அவள் டியூட்டி முடிந்து வந்ததும் காபி போட்டுக் கொடுத்தேன். கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"என்ன உடைஞ்சுது?"

"ஒண்ணும் உடையல. உன்னைப் பத்தித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். உன் கை எவ்வளவு ராசியான கை! எத்தனை உசிரைப் பூமிக்குக் கொண்டுவந்த கை!"

"விஷயத்துக்கு வாங்க."

"அந்த மரம் உன்கிட்டதான் இருக்கணும். நான் தகுதியில்லாதவன்."

"தொடவே கூடாதுன்னீங்க?"

"அறியாமல் சொன்னேன்."

அவள் காபியை நிதானமாகக் குடித்தாள்.

"சரி. எங்க ஆஸ்பத்திரியில டியூட்டி மாத்தும்போது, நோயாளி எந்த நிலைமையில இருக்காருன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் ஒப்படைப்போம். எழுதுங்க."

"வீட்டுக்குள்ள எதுக்கு எழுத்தெல்லாம்?"

"அப்ப நீங்களே வச்சுக்குங்க."

எழுதினேன். 'இலை: குறைவு. உடல்நிலை: திருப்தி.' கையெழுத்து. தேதி.

"இன்னொண்ணு. நான் மரத்தைப் பார்த்தா எனக்கு நேரம் இருக்காது. காலைச் சமையலும் துணி துவைக்கிறதும் உங்க பொறுப்பு."

ஒரு பழியைக் கைமாற்ற இது மலிவான விலை என்று நினைத்தேன். ஒத்துக்கொண்டேன்.

சட்டியோடு அவள் மொட்டைமாடிக்குப் போனாள். அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. மண்ணையெல்லாம் கொட்டிவிட்டு, ஜல்லியும் மணலுமாக நிரப்பினாள். கொதிக்கிற வெயிலில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக வைத்தாள். முதலில் எனக்குச் சந்தோஷம்தான். 'தண்ணியே ஊத்தலை சார்' என்று பெருமூச்சோடு சேர்த்துச் சொல்லலாம்.

ஆனால் அந்தச் சந்தோஷம் தங்கவில்லை. அவள் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருவாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே மாடிக்கு ஏறுவாள். கால் மணி நேரம் கழித்து, ஒன்றும் சொல்லாமல் இறங்குவாள். செத்த மரத்தைப் போய் இப்படிப் பார்க்கிறாளே! நான் அடுப்படியில் நின்று, சாதத்தைக் கருக்கிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்ப்பேன். 'போயிடுச்சுங்க' என்று எந்த நிமிஷம் சொல்வாளோ? சொன்னால் என்ன முகத்தை வைத்துக்கொள்வது? அதிர்ச்சியா, துக்கமா? கண்ணாடி முன்னால் இரண்டையும் பழகினேன். இரண்டுமே வயிற்றுவலி மாதிரி இருந்தன.

இப்படியே இரண்டு மாசம். துணி காயப்போட மாடிக்குப் போனாலும், தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன். எனக்கு எடை நாலு கிலோ குறைந்தது. பாதி கவலையால், பாதி என் சமையலால்.

மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று தகவல் வந்தது. சனிக்கிழமை காலை, துவைத்த துணியைக் காயப்போட மாடிக்குப் போகவே எனக்குத் தைரியம் இல்லை. கீழேயே, வாளியும் கையுமாக, அவள் முன்னால் நின்றேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த மரம் நான் கொடுக்கும்போதே செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன். பழி உன்மேல விழட்டும்னு கொடுத்தேன். நாளைக்கு அவர்கிட்ட நானே உண்மையைச் சொல்லிடறேன். வேலை போனாலும் பரவாயில்ல."

அவள் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. என் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தாள். "வாங்க," என்று மாடிக்கு இழுத்துப்போனாள்.

தொட்டி ஓரத்தில் மண்சட்டி. அதே குச்சி. அதன் நுனியெல்லாம் பச்சை! சின்னக் குழந்தை கையை விரிக்கிற மாதிரி, சுருண்ட இலைகள் விரிந்துகொண்டிருந்தன. எண்ணப் பார்த்தேன். கண் கலங்கியதில் எண்ண முடியவில்லை.

"எப்படி... இது செத்துப்போச்சே?"

"யாரு சொன்னது? வெயில் காலத்துல இலையைக் கொட்டிட்டுத் தூங்குற மரம் இது. நகத்தால பட்டையைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருந்தது. உங்க தண்ணியில ரெண்டு வேர் அழுகியிருந்தது, நறுக்கிட்டேன். மீதி தூக்கம்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மேனேஜருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். வாராவாரம் கேட்டேன். கேட்டா சொல்றார்ங்க, நல்ல மனுஷன்."

கேட்பது! எனக்குத் தோன்றவே இல்லை.

"அதுவுமில்லாம, அசையாம, பேசாம, ஒண்ணுக்கும் உதவாம ஒண்ணு நிக்குதுன்னா, அது செத்துப்போச்சுன்னு அர்த்தமில்லன்னு எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா உங்களோட குடும்பம் நடத்தறேனே."

அன்று நான் எந்த வருத்தமும் இல்லாமல் துணி காயப்போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் வந்தார். நேரே மொட்டைமாடிக்கு ஏறினார். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். இலையைத் தொட்டார். முகர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"யார் பார்த்துக்கிட்டது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாக உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"எல்லாம் இவர்தான் சார். எனக்கு எங்க சார் நேரம்? உங்ககிட்ட போன்ல கேட்கச் சொல்வார், நான் கேட்பேன், அவ்வளவுதான்."

நான் பழியைத் தூக்கி அவள்மேல் போடப் பார்த்தேன். அவள் புகழைத் தூக்கி எனக்குக் கொடுக்கிறாள். இப்பேர்ப்பட்ட பெண்டாட்டியா எனக்கு வாய்த்தாள்! அடுத்த ஜன்மம் என்று ஒன்று இருந்தால் அதிலும் துணி துவைக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இன்னிலேர்ந்து நீங்கதான் சூப்பர்வைசர்!"

"சார்!"

"இனி என்னை வேற ஒரு குளிர் ஊருக்கு நிரந்தரமா மாத்திட்டாங்க. அங்க இது பிழைக்காது. இந்த நாலு மாசம் இருந்த ஊர்ல புது விதை வாங்கிப் போட்டேன், இந்தத் தடவை பதினொண்ணு முளைச்சிருக்கு. கார்ல இருக்கு. இதோட சேர்த்துப் பன்னிரண்டு. பன்னிரண்டுக்கும் நீங்க சூப்பர்வைசர். வருஷா வருஷம் வந்து பார்ப்பேன். ஒண்ணுகூடக் குறையக் கூடாது."

"சார்... கம்பெனியில அந்த சூப்பர்வைசர் வேலை?"

"அதுவா? போன வாரமே தலைமை ஆபீஸ்லேர்ந்து ஒருத்தரைப் போட்டுட்டாங்க."

அவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் எத்தனை இலை இருக்குமோ!

"பதினொண்ணு வரப்போகுதுன்னு உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"போன மாசமே போன்ல சொன்னார்."

"அப்புறம் ஏன் நீதான் வளர்த்தேன்னு அவர்கிட்ட உண்மையைச் சொல்லல?"

அவள் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து என் தோளில் போட்டாள்.

"சொல்லியிருந்தா பதினொண்ணும் என் தலையில இல்ல விழுந்திருக்கும்?"