ஹேண்ட்பால் அரங்கில் மகளை உற்சாகப்படுத்தியது பற்றி

மஹ்தியா நகரிலிருந்து

'குடும்ப நலம்' பக்க ஆசிரியர் அவர்களுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். உங்கள் மேல் சாந்தி உண்டாகட்டும். அதற்கு நீங்கள் தகுதியில்லை என்றாலும் மரியாதைக்குச் சொல்லிவைக்கிறேன்.

ரமலானுக்கு முன்பு உங்கள் பக்கத்தில் ஓர் உளவியல் அம்மையார் எழுதியிருந்தார். வளரும் பிள்ளைகள் விளையாட்டை விடுவது சோம்பலால் அல்லவாம், தன்னம்பிக்கைக் குறைவாலாம். பெற்றோர் நேரில் போய் உற்சாகப்படுத்தினால் போதுமாம். நான் படித்தவன், அச்சில் வந்ததை நம்பித் தொலைக்கிறவன். பள்ளி அணியில் ஆடும் என் மகள் ஒன்ஸுக்காகத் தர்புகா மேளம் வாங்கினேன். இலக்கண சுத்தமான அரபியில், அவள் கொள்ளுத்தாத்தா பெயர் வரை சேர்த்து, ஒரு வாழ்த்துப் பாட்டும் கட்டினேன். முதல் வரிசையில் உட்கார்ந்து பாடினேன். அரங்கமே அடங்கிப்போனது. இடைவேளைக்குள் எதிரணிப் பெண்கள் பல்லவியை மனப்பாடம் செய்துவிட்டார்கள். அப்புறம் ஒன்ஸ் பந்தைத் தொடும்போதெல்லாம் அவர்கள் பாட, இவள் பந்தை நழுவவிட, நான் இன்னும் பலமாக அடிக்க, என்னத்தைச் சொல்ல.

மறுவாரமே அவளுக்குக் கணுக்கால் வலி. என் மனைவியின் தம்பி டாக்டர் ஃபவ்ஸி, என் கல்யாண விருந்தில் ஆட்டுத் தொடையை முழுசாகத் தன் தட்டுக்கு இழுத்துக்கொண்டவர், வருஷம் முடியும்வரை விளையாட்டிலிருந்து விலக்கு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் சீட்டு புண்ணியத்தில் பாதி வகுப்பு ஏற்கெனவே சுவரோரம் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கிறது.

சண்டை போடப் போனேன். அவர் வீட்டு முற்றத்தில் ஒன்ஸ் அதே கணுக்காலில் எம்பி எம்பிச் சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பார்த்தறியாத சிரிப்பு முகத்தில்.

"காலுக்கு ஒண்ணுமில்ல மச்சான். உங்க மேளத்துக்குத்தான் சீட்டு எழுதினேன்."

வருகிற ஞாயிறு இறுதி ஆட்டம். நான் வராமலிருந்தால் சீட்டைக் கிழித்துவிடுவதாகச் சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் ஒன்ஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்க பாபா. ஆனா என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."

பதினான்கு வருஷம் வளர்த்ததற்கு இது. உங்கள் அம்மையாருக்குப் பிள்ளைகள் உண்டா, இருந்தால் அவர்கள் எந்த ஊருக்கு ஓடிப்போனார்கள் என்பதை அடுத்த இதழில் தெரிவிக்கவும். உங்கள் வீட்டாருக்கு நீண்ட ஆயுளும் காது கேளாமையும் வாய்க்கட்டும்.

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை எதிரணிக்காரர்கள் நடுவே உட்காரப் போகிறேன். அவர்கள் கோல் போட்டால் கைதட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன்; கை வரமாட்டேனென்கிறது. மேலே உள்ளதில் மகள் பெயர், ஊர், மேளம், மைத்துனர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு மீதியை அச்சிடலாம். சலாம் மட்டும் மிஞ்சும் என்று நினைக்கிறேன். பட்டத்தோடு முழுப் பெயரும் போட்டிருந்தேன். பெயரைப் பார்த்தால் அவள் யார் மகள் என்று அரங்கத்துக்கே தெரிந்துபோகும். அந்த ஓரத்தைக் கிழித்துவிட்டேன். கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.