பதினைந்தாவது மட்டை

குடையை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அதன் வயிறு புடைத்துக்கொண்டே நின்றது, கோழிக்குஞ்சை விழுங்கிய பாம்பு போல. டெல்மர் ஸ்டென்ஸ்ருட் அதை அவிழ்த்தார். உள்ளே இருந்த கோல்ஃப் மட்டையைத் திருப்பி வைத்து மறுபடி கட்டினார். இப்போது பாம்பு ஆட்டையே விழுங்கியிருந்தது.

"கராஜ்ல என்னங்க பண்றீங்க?" என்று சமையலறைக் கதவிலிருந்து மனைவி ஆர்லிஸ் கேட்டாள்.

"குடை மடிக்கிறேன்."

"மழை பேஞ்சு பதினேழு நாளாச்சு. சோளமெல்லாம் காயுதுன்னு பாஸ்டர் போன ஞாயித்துக்கிழமை தனியா ஜெபமே பண்ணினாரு."

"அவரு ஜெபத்து மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

ஆர்லிஸ் வந்து குடையைத் தடவிப் பார்த்தாள். நாற்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் குடைக்குள் எதை ஒளிக்க முடியும்?

"அந்தப் புது மட்டைதானே? லோவெல்கிட்ட நேரா சொல்லிட்டா என்னவாம்?"

"சொல்லிட்டா அடுத்த வருஷம் அவன் மருமகன் கோல்பியோட ஆடப் போயிடுவான்."

சங்கதி இதுதான். இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு தபால் நிலையப் படிக்கட்டில், பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து டெல்மருக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, பலம் கூடவில்லை. நெடுந்தூரத்துக்கு அடிக்கிற மூன்றாம் நம்பர் இரும்பு மட்டை இருக்கிறதே, அதன் முகம் கத்தி மாதிரி மெல்லிசு. வேகமாக வீசினால்தான் பந்து எழும்பும். டெல்மர் வீசினால் பந்து முயல்குட்டி போலப் புல்லோடு ஓடியது.

ஹைப்ரிட் மட்டை அப்படியில்லை. இரும்பு மட்டையின் முகமும் மர மட்டையின் தடித்த முதுகுமாக ஒரு கலப்புப் பிறவி. மெதுவாக அடித்தாலும் பந்தைத் தூக்கிவிடும். நாற்பது மைல் தள்ளி, தன்னை யாருக்கும் தெரியாத ஊரில் போய் டெல்மர் ஒன்று வாங்கினார். மச்சானின் மேய்ச்சல் நிலத்தில் முதல் அடி அடித்தார். பந்து எழும்பி, வானத்தில் சற்று நின்று, தொலைவில் மெத்தென்று இறங்கியது. டெல்மர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மாடுகள் மட்டும் பார்த்தன.

ஆனால் லோவெல் குவாம் இருக்கிறாரே! இருபத்தொன்பது வருஷமாக டெல்மருக்கு ஜோடி. போன இலையுதிர் காலத்தில் எவனோ ஒருவன் ஹைப்ரிட்டை எடுத்ததைப் பார்த்து எல்லார் முன்னாலும் சொன்னார்: "இது மட்டையா, அடுப்புச் சாம்பல் அள்ற கரண்டியா? இதத் தொடுற அன்னைக்கு ஆட்டத்தை விட்டுட்டு ஏரியில மீன் பிடிக்கப் போயிடலாம்." எல்லாரும் சிரித்தார்கள். டெல்மரும் சிரித்தார், மணிக்கட்டைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு. இந்த வசந்தத்தில் கோல்பி ஊரோடு வந்துவிட்டான். முப்பத்திரண்டு வயசு, இருநூற்றறுபது கஜம் அடிக்கிறான்.

"மூணாம் நம்பரை வீட்டுல வச்சுட்டு இதக் கொண்டு போங்களேன்" என்றாள் ஆர்லிஸ்.

"அது பையில இல்லேன்னா அவன் கண்டுபிடிச்சிடுவான். என் பையில எது எங்க இருக்குன்னு என்னை விட அவனுக்குத்தான் நல்லாத் தெரியும்."

ஆர்லிஸ் பெருமூச்சு விட்டாள். மேசை இழுப்பறையிலிருந்து, கடிதங்களில் ஒட்டுகிற பெயர்ச்சீட்டு ஒன்றை எடுத்துவந்து மட்டையின் தண்டில் ஒட்டினாள். "தொலைச்சாலும் யாராவது கொண்டாந்து கொடுப்பாங்க. நல்ல ஊரு" என்றாள்.

அன்று ஜோடிப் போட்டி. ஒன்பது குழி, இருவரில் யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அதுவே ஜோடியின் எண்ணிக்கை. கோப்பை என்பது மரத்தில் செதுக்கிய ஒரு மீன். அதை லோவெலும் டெல்மரும் ஒரு தடவைகூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

மணிக்கட்டு உடைந்ததிலிருந்து டெல்மரின் பையையும் லோவெல்தான் தூக்கி வண்டியில் கட்டுவார். அன்றும் டெல்மர் உள்ளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டுக் காபியோடு வருவதற்குள் கட்டி முடித்திருந்தார்.

"குடை எதுக்குடா?" என்று லோவெல் வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை.

"வெயிலுக்கு."

"நல்லது. உன் நெறம் கறுத்துட்டா அப்புறம் யாரு கட்டிக்குவா?"

இரண்டாவது குழியில் டெல்மருக்குச் சோதனை வந்தது. நூற்றெழுபது கஜம், நடுவில் மணல் பள்ளம். இரும்பு வேலைக்கு ஆகாது. குடையை அவிழ்க்கலாமென்றால் பக்கத்தில் லோவெல்.

"டேய், காலையில மூணு கப் காபி குடிச்சது தப்பாப் போச்சு" என்றார் லோவெல். "நீ அடி, வந்துடறேன்." மரங்களுக்குப் பின்னால் மறைந்தார்.

டெல்மர் குடையை அவிழ்த்தார், அடித்தார், மறுபடி கட்டினார். பந்து பள்ளத்தைத் தாண்டிப் பச்சைத் திடலில் போய் உட்கார்ந்தது. லோவெல் பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார்.

"அம்மாடி! எதுல அடிச்ச?"

"மூணாம் நம்பர் இரும்பு."

"கை சரியாயிடுச்சு போலிருக்கே!"

டெல்மர் மனசுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொன்னார். பொய் சொல்லிவிட்டு உடனே நன்றி சொன்னது உறுத்தியது. அதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

மூன்றாவது குழியில் லோவெல் தன் பந்தைத் தேடிப் போனார். பந்து நட்டநடுத் திடலில் பல்லிளித்துக்கொண்டு கிடந்தது. அவரோ முதுகைக் காட்டிக்கொண்டு புதரைக் கிளறினார். பாவம், கண்ணும் மங்கிவிட்டது என்று டெல்மர் இரக்கப்பட்டார், ஹைப்ரிட்டை வீசிக்கொண்டே. நான்காவதில் லோவெலுக்கு ஷூ நாடா அவிழ்ந்தது. அதைக் கட்ட அவருக்கு நான்கு நிமிடம் பிடித்தது.

அந்தக் குழி முடிந்து எண்ணிக்கை எழுத அட்டையைத் திருப்பியபோதுதான் பின்பக்கத்துப் பொடி எழுத்து கண்ணில் பட்டது. பதினான்கு மட்டைக்கு மேல் பையில் இருந்தால் ஜோடிக்கு நான்கு அடி வரை தண்டம்.

டெல்மருக்கு வியர்த்தது. நாற்பது வருஷமாகத் தெரிந்த விதிதான். இருபத்தேழு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி, தினமும் இரண்டு தடவை பிள்ளைகளின் தலையை எண்ணியவர் அவர். ஆனால் குடையைக் குடையாகத்தானே நினைத்திருந்தார்! ஏற்கெனவே பதினான்கு. குடைக்குள் இருப்பது பதினைந்து.

சொன்னால் நான்கு அடி போகும். நான்கு அடி போனால் மீன் போகும். மீனோடு லோவெலும் போவார்.

பாவத்தை இதோடாவது நிறுத்துவோம் என்று நினைத்தார். ஐந்தாவது குழியின் ஓரத்தில் சோளக்காடு. லோவெல் மறுபடியும் ஒதுங்கிய நேரம் பார்த்து ஹைப்ரிட்டைச் சோளத்துக்குள் செருகிவிட்டு வந்தார். பிள்ளையைச் சந்தையில் விட்டு வந்தது போல நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஆறாவது குழிக்கு வண்டி வருவதற்குள் புல் வெட்டுகிற ஹார்லன் இயந்திரத்தோடு துரத்திக்கொண்டு வந்தார்.

"டெல்மர்! சோளத்துல விட்டுட்டீங்களே! பேரு ஒட்டியிருந்ததால தப்பிச்சுது."

"ரொம்ப நன்றி, ஹார்லன்" என்றார் டெல்மர், பல்லைக் கடித்துக்கொண்டு. நல்லவேளை, லோவெல் அந்த நேரம் அண்ணாந்து ஏதோ ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது குழியில் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டார். எட்டாவதில் பின்னாலிருந்து ஹார்ன் சத்தம். அடுத்த ஜோடியில் ஆடுகிற கெய்லார்ட், வண்டியிலிருந்தே மட்டையைக் கொடி போல ஆட்டிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை பார்க்கப் பறவை எதுவும் இல்லை.

"யாருதுடா அந்தச் சாம்பல் கரண்டி?" என்றார் லோவெல்.

"ஸ்டென்ஸ்ருட்னு போட்டிருக்கு" என்றார் கெய்லார்ட்.

"ஆர்லிஸோடது" என்றார் டெல்மர். வாய் தானாகவே சொல்லிவிட்டது. "தவறுதலா என் பையில வந்துடுச்சு."

"ஆர்லிஸ் கோல்ஃப் ஆடறாளா!" கெய்லார்டுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "நாளைக்குப் பெண்கள் ஆட்டத்துக்கு ஒரு ஆளு குறையுதுன்னு என் வீட்டுக்காரி காலையிலேருந்து என் உயிரை எடுக்கறா!"

"அவ இப்பதான் கத்துக்கறா..."

"அதனால என்ன, என் வீட்டுக்காரி இருபது வருஷமாக் கத்துக்கறா." அதற்குள் கெய்லார்ட் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டு நிமிடத்தில் டெல்மரின் போன் அடித்தது.

"ஏங்க, நான் எப்பங்க கோல்ஃப் ஆட ஆரம்பிச்சேன்?" என்றாள் ஆர்லிஸ்.

"அப்புறம் சொல்றேன்மா."

"காலையில ஏழரைக்கு வரணுமாம். கையில எலுமிச்சைக் கேக் வேறயாம்."

"அப்புறம் சொல்றேன்."

லோவெல் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. கொசுவாம்.

ஒன்பதாவது குழியில் லோவெல் இருபதடி தூரத்திலிருந்து பந்தை உருட்டிக் குழிக்குள் தள்ளினார். பின்னாலேயே வந்து முடித்த கெய்லார்ட் ஜோடியை விட இரண்டு அடி குறைவு. மற்றவர்கள் எல்லாரும் ஏற்கெனவே பின்தங்கியிருந்தார்கள். இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. லோவெல் தொப்பியைத் தூக்கி எறிந்தார். டெல்மரைக் கட்டிப்பிடித்து, மணிக்கட்டு நினைவு வந்து சட்டென்று விலகி, அப்புறம் மெதுவாகக் கட்டிப்பிடித்தார்.

கிளப் கட்டடத்தில் கெய்லார்ட் அட்டையை மேசைமேல் வைத்துப் பேனாவை நீட்டினார். பக்கத்திலேயே மரமீன். கவுண்டரைப் பார்த்துக்கொள்ளும் மேவிஸ் எல்லாருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். மேவிஸ், லோவெல், டெல்மர் மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

டெல்மர் பேனாவைத் தொடவில்லை.

"போடுடா கையெழுத்தை, காபி ஆறுது" என்றார் லோவெல்.

"லோவெல், என் பையில..."

மேசைக்கு அடியில் டெல்மரின் கணுக்காலில் ஓர் உதை விழுந்தது.

"அவனுக்கு வெயில் ஒத்துக்கல" என்றார் லோவெல் எல்லாரிடமும். "பேனாவைப் புடிடா."

"என் பையில பதினஞ்சு..."

இன்னோர் உதை. "வாயை மூடிட்டுக் கையெழுத்துப் போடு. நான் சொல்றேன்ல?"

டெல்மருக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்காதபோது பந்து ஒரு விரற்கடை அசைந்ததற்கு, தானே கையைத் தூக்கித் தண்டம் வாங்கிக்கொண்ட மனிதர் லோவெல். அவர் பொய்க் கையெழுத்துப் போடச் சொல்கிறார்! ஒரு மரமீனுக்காகவா? இல்லை, ஓர் உதவாக்கரை ஜோடியால். இந்த நல்ல மனுஷனை நான் கெடுத்துவிட்டேன்.

டெல்மர் எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. அது ஆர்லிஸோட மட்டை இல்ல. என்னுது. என் கையால இனி இரும்பு அடிக்க முடியாது. சொல்ல வெட்கமா இருந்துச்சு, அதான் குடைக்குள்ள ஒளிச்சேன். என் பையில பதினஞ்சு மட்டை இருக்கு. நாலு அடி தண்டம். மீனு கெய்லார்டுக்கு." அப்புறம் குரல் இறங்கியது. "லோவெல், நீ அடுத்த வருஷம் கோல்பியோட ஆடுடா. எனக்கு வருத்தமில்ல. இத்தனை வருஷம் என்னைக் கூட வச்சுக்கிட்டதுக்கே நன்றி."

லோவெல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

கெய்லார்ட் வெளியே போய்ப் பையைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். கடைசியில் ஹைப்ரிட்டையும் வைத்துவிட்டு எண்ணினார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி எண்ணினார்.

"பதினாலுதான் இருக்கு."

"இருக்காது" என்றார் டெல்மர். மண்டி போட்டு, பள்ளிப் பிள்ளைகளை எண்ணுவது போல ஒவ்வொன்றின் தலையையும் தொட்டு எண்ணினார். பதினான்கு. பையைத் தலைகீழாக உதறினார். இரண்டு பென்சிலும் ஒரு பழைய மிட்டாயும் விழுந்தன.

"மூணாம் நம்பரைக் காணோமே!" என்றார். "லோவெல், என் மூணாம் நம்பர் எங்கடா?"

லோவெல் தட்டிலிருந்த ருபார்ப் கேக்கை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேவிஸ் காபிக் கூஜாவைக் கீழே வைத்தாள்.

"அது கவுண்டருக்குப் பின்னாலதான் இருக்கு, டெல்மர். காலையில உன் பையை வண்டியில கட்டும்போதே லோவெல் உருவிக்கிட்டு வந்து என்கிட்ட கொடுத்துட்டான். 'டெல்மர் ஒரு வழியாப் புதுசு வாங்கிட்டான், மேவிஸ், குடைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான். வெட்கத்துல எண்ண மறந்துடுவான், நான் பாத்தா அடிக்கவும் மாட்டான். அதனால இன்னைக்கு எனக்குக் குழிக்குக் குழி மூத்திரம் வரும், யாரும் டாக்டரைக் கூப்பிட்டுடாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனான்."